வால் வைத்த ஹெல்மெட்

அந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது மூத்தவள் கைக்குத்தான் போகும். மின்சாரக் கட்டணம், வாடகை ஒப்பந்தம், அப்பாவின் வேன் இன்ஷூரன்ஸ், மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்து, எல்லாம். அவளுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவள் பொறியியல் முடித்து, பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்கும் போன பிறகு, அவள் பேச்சு வீட்டில் கல்லில் வெட்டிய எழுத்தாகிவிட்டது. அவள் "ம்" என்றால் சரி. "ம்ஹூம்" என்றால் அந்தப் பேச்சு அதோடு படுத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெருமையாகத் தெரியும். நாலு பேருக்கு ஒரே மூக்குக்கண்ணாடியாக இருப்பதில் உள்ள தலைவலி கண்ணாடிக்குத்தான் தெரியும். வீட்டில் மற்ற மூன்று பேரும் தப்புப் பண்ணலாம். அவளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

தங்கைக்குப் பதினேழு வயது. பள்ளிப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது, வீட்டில் வாத்து. நடை பழகிய காலத்தில் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாள் என்று அப்பா வைத்தது. இன்றைக்கும் தரையில் அவள் நடை அதேதான். சைக்கிளில் ஏறிவிட்டால் ஆளே வேறு. இடுப்பு அசையாது, முதுகில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் தளும்பாது, கால் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாத்துக்கு விளையாட்டு விடுதியில் இடம் வேண்டும். இருபது கிலோமீட்டரைத் தனியாக ஓட்டி முப்பத்தொரு நிமிடத்துக்குள் வந்தால் இடம் உண்டு. தங்கவும் சாப்பிடவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நல்ல சைக்கிளும் கொடுப்பார்கள். ஒரு நொடி கூடினாலும் "போய்ட்டு வாம்மா" என்று விடுவார்கள். வயது வரம்பு பதினேழு என்பதால் இந்த முறை விட்டால் அடுத்த முறை என்பதே கிடையாது. கிடைக்காவிட்டால் என்ன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் தரைக்கு அடியில் இருந்த லாண்டரியில் நீராவி இஸ்திரி வேலை பார்த்தாள். "அடுத்த மாசத்துலேந்து சின்னவளயும் கூட்டிட்டு வந்துடு" என்று அங்கே மேற்பார்வை பார்ப்பவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த நாள் அம்மா சாப்பிடவில்லை.

வாத்தின் சிறந்த நேரம் முப்பத்தொரு நிமிடம் இருபத்தைந்து நொடி.

"அந்த இருபத்தஞ்சு செகண்டு இவ காலுல இல்ல. காத்துல இருக்கு" என்றார் அவளுக்குப் பயிற்சி கொடுத்த கோச். "இந்த வேகத்துல ஓட்டறவங்க பாதிக்கு மேல காத்தோடதான் மல்லுக்கட்டறாங்க. ஒரு நல்ல ஏரோ ஹெல்மெட் வாங்கிப் பாருங்க."

அப்படித்தான் அம்மாவும் மூத்தவளும் ஒரு பந்தய சைக்கிள் கடைக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், சுவரில் சைக்கிள்களைப் படம் மாதிரி மாட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் அம்மாவின் செருப்பைப் பார்த்தார். அப்புறம் "குழந்தைங்க சைக்கிள் எதிர் கடையில" என்றார்.

மூத்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தச் சுர் அவளுக்குப் பழையது. கல்லூரி விடுதியில், நேர்முகத் தேர்வில், வங்கிக் கவுண்டரில் என்று பல இடங்களில் ஏறி ஏறித் தடம் போட்டு வைத்திருந்தது. காற்றின் எதிர்ப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். எந்த வேகத்தில் அளந்தது, எந்தக் கோணத்தில் காற்று வந்தது என்று.

கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "மேடம் இன்ஜினியரா? சொல்லக்கூடாதா!" ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டார். வழவழவென்ற ஒரு விளம்பரப் புத்தகத்தை மூத்தவள் முன்னால் விரித்தார். "உங்களுக்கு நான் என்ன மேடம் விளக்குறது, நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். காற்றின் எதிர்ப்பைக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு, அதற்கும் கீழே இந்த ஹெல்மெட்டின் கோடு. அவள் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். இருபது கிலோமீட்டருக்கு இருபத்தெட்டு நொடி மிச்சம். தேவையோ இருபத்தைந்து. பூட்டுக்கென்றே அறுத்த சாவி மாதிரி இருந்தது.

"வாங்கலாமாடி?" என்றாள் அம்மா.

"ம்."

அம்மா பைக்குள் கையை விட்டாள். அது பல்செட்டுக்கு வைத்திருந்த பணம். இரண்டு வருடமாக அம்மா ஒரு பக்கத்தாலேயே மென்றுகொண்டிருந்தாள். ரொட்டியின் ஓரத்தைக்கூடத் தேநீரில் ஊற வைத்துத்தான் தின்பாள். மூத்தவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் "ம்" சொன்னாள்.

ஹெல்மெட் முன்னாலிருந்து பார்த்தால் முட்டை. பின்னால் நீண்டு, கூராகி, முதுகைத் தொடும் வால். காது இரண்டையும் மூடும். கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி. வாத்து அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றபோது அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். அப்பா ரொட்டி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் நாற்பது கடைக்கு இறக்கிவிட்டு வந்து, நாள் முழுக்க எல்லோரையும் கிண்டல் செய்வார்.

"இது என்ன, பின்மண்டையில மூக்கு முளைச்சிருக்கு?"

"காத்தைக் கிழிக்குமாம்ப்பா" என்றாள் வாத்து.

"காத்துதான பிரச்சினை? நான் வேனை முன்னாடி ஓட்டறேன், நீ பின்னாடி ஒட்டிக்கிட்டு வா. டீசலோட போச்சு."

"அது போங்கு. சேத்துக்க மாட்டாங்க."

"ஓஹோ. காசு குடுத்துக் காத்தை ஏமாத்துனா விளையாட்டு, நான் வேனை விட்டு ஏமாத்துனா போங்கா? நல்லா இருக்குடி உங்க சட்டம்."

மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். அப்பா கேட்டதில் தப்பு இல்லை.

அம்மா அந்த ஹெல்மெட்டைத் தினமும் மெல்லிய துணியால் துடைத்து, ஓட்டலில் கழித்துப் போட்ட ஒரு தலையணை உறைக்குள் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைப்பாள். கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்குவாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய ஹெல்மெட்டோடு முழுத்தூரம் ஓட்டிப் பார்த்தாள் வாத்து. முப்பத்தொரு நிமிடம் முப்பத்தொன்று. ஆறு நொடி அதிகம். "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்றார் கோச். காற்று அப்படியொன்றும் இல்லை.

வாத்தின் பின்னால் கோச்சின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து மூத்தவள் செல்போனில் படம் பிடித்திருந்தாள். மறுநாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் அதை ஓட விட்டாள். முதல் பத்துக் கிலோமீட்டர் விளம்பரப் படத்தில் போட்டது போல இருந்தது. வால் முதுகோடு ஒட்டி, எங்கே ஹெல்மெட் முடிகிறது எங்கே ஆள் தொடங்குகிறாள் என்று தெரியாத மாதிரி. பதினான்காவது கிலோமீட்டரில் வாத்து களைத்துப் போனாள். களைத்தால் எல்லோரும் செய்வதைச் செய்தாள். தலையைத் தொங்கப் போட்டாள். தலை இறங்கியதும் வால் எழுந்தது. நட்டக்குத்தலாக, காற்றுக்குக் குறுக்கே, பாய்மரம் மாதிரி. அதற்குப் பிறகு கடைசிவரை அது இறங்கவே இல்லை.

நாளெல்லாம் பம்ப் வார்ப்புகளைத் தட்டிப் பார்த்து, ஒச்சம் இருந்தால் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதுதான் மூத்தவளின் வேலை. ஒச்சத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அந்த வழவழப் புத்தகத்தை எடுத்தாள். கோடுகளுக்கு அடியில், பக்கத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி. அளவெடுத்தது அசையாத பொம்மைத் தலையில் என்றது அந்த வரி. வீட்டு மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்துச் சொல்கிறவள், இதைப் படிக்கவில்லை. "மேடம்" என்ற ஒரு சொல்லில் கண் அவிந்துவிட்டது.

இருந்தாலும் அளக்காமல் எதையும் கழித்துப் போடுவது அவள் வழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் அக்காவும் தங்கையும் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்துக்குப் போனார்கள். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டு, அது தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள் மூத்தவள். வாத்து பாலத்தின் உச்சியிலிருந்து மிதிக்காமல், பிரேக் தொடாமல், குனிந்த நிலையில் உருண்டு வர வேண்டும். சைக்கிள் எங்கே தானாக நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பழைய உருண்டை ஹெல்மெட்டில் மூன்று தடவை. புதியதில் தலையை நிமிர்த்தி மூன்று தடவை. பழையதில் தலையைத் தொங்கப் போட்டு மூன்று. புதியதில் தொங்கப் போட்டு மூன்று.

காலை நடை வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "என்னம்மா, ரோட்டை அளந்து விக்கப் போறீங்களா?"

"ஆமா சார். உங்களுக்கு எத்தன அடி வேணும்?" என்றாள் வாத்து.

விளம்பரப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அதுதான் மூத்தவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நிமிர்ந்த தலையோடு புதிய ஹெல்மெட் பழையதைவிடப் பத்தொன்பது காலடி தள்ளிப் போய் நின்றது. தொங்கிய தலையோடு பழையதைவிட எட்டுக் காலடி குறைவாகவே போய் நின்றுவிட்டது. பழையதோ, தலையை நிமிர்த்தினாலும் தொங்கப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் நின்றது. அதற்கு வால் இல்லை. கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப நான் தலையை நிமித்தியே வெச்சுக்கறேன்" என்றாள் வாத்து.

"முடியுமாடி?"

"முடியும். நீ பின்னாடியிருந்து கத்து."

ஒரு வாரம் கத்தினாள். "தலை! தலை! வாத்து, தலை!" வாத்து நிமிர்வாள், நூறு மீட்டர் போவாள், மறுபடி தொங்கும். கழுத்தைக் கவனித்தால் கால் மறந்துபோனது. காலைக் கவனித்தால் கழுத்து. ராத்திரியானால் அம்மா வெந்நீரில் துணியைப் பிழிந்து அவள் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். "பயிற்சி கடுமையா இருக்கு போல" என்றாள், பாவம். வார முடிவில் ஓட்டியபோது முப்பத்தொன்று முப்பத்துநான்கு.

"பழச மாட்டிக்க" என்றாள் மூத்தவள்.

"மாட்டேன்."

"ஏன்டி கழுதை?"

"அம்மா லீவு போட்டுட்டு வர்றா அக்கா, பாக்கறதுக்கு. அவ பல்லை நான் தலையில மாட்டியிருக்கேன். அதைக் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்றியா?" வாத்தின் கண் தளும்பியது. "எனக்குப் புதுசுல முடியும். நீ அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

மூத்தவள் முதலில் கடைக்குப் போனாள். திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றார் கடைக்காரர்; உபயோகப்படுத்திய பொருளாம். "ரைடர் தலையை ஆட்டினா நாங்க என்ன மேடம் பண்ண முடியும்? அந்த மாதிரி ஆளுங்களுக்குக் குட்டை வால் மாடல் இருக்கு. காட்டட்டுமா?"

"அந்தப் பொம்மைக்கு மூச்சு வாங்குமா?"

"சாரி மேடம்?"

"நீங்க அளந்த பொம்மைக்குப் பதினாலாவது கிலோமீட்டர்ல மூச்சு வாங்குமான்னு கேட்டேன்."

அவர் விழித்தார். அவள் கதவை ஓங்கி அறையப் பார்த்தாள். அது மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் கதவு. கோபத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

தெருவில் நின்று யோசித்தாள். சொல்லாமல் விட்டால் வாத்து அந்த வாலோடு போவாள், தலையைத் தொங்கப் போடுவாள், முப்பத்தொன்றைத் தாண்டுவாள், நீராவிக்குள் போய்விடுவாள். எல்லோரும் விதி என்பார்கள். அக்கா படிச்சவ, அவ சரியாத்தான் சொன்னா, பொண்ணுக்குத்தான் கொடுப்பினை இல்லை என்பார்கள். அவள் கல்வெட்டு சேதமில்லாமல் நிற்கும். தங்கை வாழ்க்கையை அடியில் கொடுத்து நிற்கும் கல்வெட்டு. நினைத்தபோதே வாய் கசந்தது.

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் நேராக லாண்டரிக்குப் போனாள்.

படி இறங்கும்போதே ஈரச்சூடு முகத்தில் அடித்தது. அம்மா இஸ்திரி மேடையில் ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்து மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்; புஸ்ஸென்று ஆவி வந்து ஆளை மறைத்தது. தேநீர் நேரம் வந்ததும் துணி மூட்டைகளின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா கை சும்மா இருக்காது. தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடி, வேலை நேரத்துல? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. அம்மா, அந்த ஹெல்மெட் தப்பு. நான் தப்பாப் படிச்சுட்டேன்."

"உடைஞ்சு போச்சா?"

"இல்லம்மா. அது நல்லாத்தான் இருக்கு. நம்ம வாத்துக்குச் சரிப்படாது. அவ களைச்சா தலையைக் குனியறா, வால் தூக்கிக்குது, காத்து புடிச்சு இழுக்குது. பழசே தேவலாம். அந்தப் புஸ்தகத்துல பொடி எழுத்துல போட்டிருந்தான். நான் பாக்கல."

அம்மா ஒரு உறையை நாலாக மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அப்ப பழசப் போட்டா முடிஞ்சிடுமா?"

"தெரியல."

"என்னது?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

அம்மா சிரித்துவிட்டாள். பல் இல்லாத பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பது அவள் பழக்கம். "உன் வாயிலேந்து இந்த வார்த்தை வந்து எத்தன வருஷமாச்சு! நான் இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"சிரிக்காத. உன் பல்லும்மா அது. உனக்குக் கோவமே வரலியா?"

"வருது. அந்தக் கடைக்காரன் மேல ஒரு வாளி. உன் மேல ஒரு கரண்டி." அம்மா உறையைக் கீழே வைத்தாள். "ஏன்டி, நீ சொன்னதுக்காகவா நான் வாங்கினேன்னு நெனச்ச?"

"பின்ன?"

"உள்ள நுழைஞ்சதும் அந்த ஆளு என் செருப்பப் பாத்தான். நீ ரெண்டு வார்த்தை கேட்ட. உடனே நாற்காலிய இழுத்துப் போட்டான் பாரு. யாருக்குப் போட்டான்? உனக்கா? எனக்குடி. என் வயசுக்கு எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன், ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல. உக்காந்ததும் முடிவு பண்ணிட்டேன், நீ ம்ஹூம்னு சொன்னாலும் வாங்கறதுன்னு. அப்ப தப்பு யாரோடது, சொல்லு."

"அது முட்டாள்தனம்மா."

"ஆமா" என்றாள் அம்மா. "நல்லா இருந்துச்சு."

மூத்தவளுக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "நாற்காலிக்கு எவனாவது பல்லைக் குடுப்பானா?" என்று கத்தினாள். மேற்பார்வை பார்ப்பவர் எட்டிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, மகளின் முகத்தை ஒரு தலையணை உறையால் அழுத்தித் துடைத்தாள். "ஓட்டல் துணிடி இது. மூக்கைச் சிந்திடாத. வாத்துகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அன்று மாலை சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது மூத்தவளுக்குத் தெரியாது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது வாத்தின் மூக்கு சிவந்திருந்தது, ஹெல்மெட் தலையணை உறையோடு அலமாரியில் இருந்தது, அம்மா "நாளைக்குக் காலையில நானும் பாலத்துக்கு வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தாள். வாத்து இரண்டு முறை உருண்டு இறங்கியதைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும்.

"சட்டை என்னடி இப்படிப் படபடன்னு அடிக்குது? அதை ஏன் ஒருத்தரும் கேக்கல?"

மூத்தவள் தங்கையின் விலாப் பக்கத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்; ஒரு பிடி துணி கையோடு வந்தது.

"நனைஞ்ச விரிப்பை மொட்டை மாடியில உதறிப் பாரு, ஆளையே தூக்கிட்டுப் போகும். துணி காத்துல அடிச்சா எவ்வளவு இழுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே வாத்தின் பந்தயச் சட்டையைப் புறம் திருப்பிப் போட்டு, இரண்டு விலாவிலும் தோளிலும் பிடித்துத் தைத்தாள் அம்மா. முதல் தடவை தைத்தது தோலுக்கு மேல் தோலாக ஒட்டிக்கொண்டது.

"அம்மா, மூச்சு விட வேணாமா நான்?"

"முப்பத்தோரு நிமிஷந்தானடி. அப்புறமா மொத்தமா விட்டுக்கோ."

அப்பா கூடத்தில் உருண்டு உருண்டு சிரித்தார். பிறகு தையலைப் பிரித்து ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்தாள். பழைய ஹெல்மெட்டின் ஓட்டைகளை மூத்தவள் டேப் போட்டு ஒட்டினாள். பாலத்தடியில் கோடு பதினோரு காலடி நகர்ந்தது. பத்தொன்பது இல்லை. "படத்துல போட்ட அளவுக்கு வராது" என்று மூத்தவள் எல்லோரிடமும் சொன்னாள்; மறைக்க அவளுக்கு இனி ஒன்றும் இல்லை. "ஆனா இந்தப் பதினொண்ணு அவ கழுத்தை நம்பி இல்ல. மிச்சம் அவ காலுலேந்துதான் வரணும்."

தேர்வு நாளில் வானம் மூடியிருந்தது. பதினான்கு பெண்கள், நிமிடத்துக்கு ஒருத்தியாக விட்டார்கள். பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்பி அதே வழியில் வர வேண்டும். அப்பா ரொட்டி வேனைச் சாலை ஓரத்தில் நிறுத்தப் போய், "வண்டியை எடுங்க" என்று நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே சார்" என்றார்.

நான்காவதாகப் போன பெண் அதே ஹெல்மெட் மாட்டியிருந்தாள். அதே வால். மூத்தவள் பதினாறாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகே கோச்சின் ஸ்கூட்டரோடு நின்று அவள் திரும்பி வருவதைப் பார்த்தாள். ஆணி அடித்தது போல் தலை. வால் முதுகை விட்டு இம்மி விலகவில்லை. பார்க்கவே அழகாக இருந்தது. அந்தக் கழுத்துக்கு அந்த ஹெல்மெட் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும் என்று மூத்தவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். வயிறு எரிந்துகொண்டேதான் ஒப்புக்கொண்டாள்.

பிறகு வாத்து வந்தாள். இறுகின சட்டையில், டேப் ஒட்டிய உருண்டைத் தலையோடு. பல்லைக் கடித்திருந்தாள். கல்லுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது தலை தொங்கியது.

மூத்தவள் வாய் திறந்துவிட்டது. "த" என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். இந்த ஹெல்மெட்டுக்கு வால் இல்லை, தலை தொங்கினால் தொங்கட்டும், கால் மறக்காமல் இருந்தால் போதும். ஸ்கூட்டரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் நின்றாள். வாத்து முன்சக்கரத்தையே பார்த்தபடி அவளைக் கடந்து போனாள். சட்டை சத்தம் போடவில்லை. சங்கிலியின் சீரான உர்ர் மட்டும் கேட்டது.

முப்பது நிமிடம் ஐம்பத்துநான்கு நொடி.

சுற்று வழியில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு மூத்தவள் நெருங்கும்போதே, அப்பா யாரோ முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "ஆறு செகண்டு சார், ஆறு!" என்று கத்துவது தூரத்தில் கேட்டது. அவள் வந்து சேர்ந்தபோது வாத்து சாலை ஓரப் புல்லில் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு எழும்பி எழும்பி விழுந்தது. அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, நூல் வெட்டியால் விலாப் பக்கத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். "விடுடி, விடு. இப்ப மொத்தமா விட்டுக்கோ." அம்மாவின் கண்ணிலிருந்து வழிந்தது நூல் வெட்டியின் மேலேயே விழுந்தது. தையல் அறுந்ததும் வாத்து ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

மூத்தவள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தாள். முடியெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"அக்கா."

"ம்."

"தலையைத் தொங்கப் போட்டேனா?"

"போட்ட."

"எங்க?"

"பதினாறுல. கல்லுக்கு முன்னாடி."

"நீ அங்கதான நின்ன? ஒரு சத்தம் குடுத்திருந்தா நிமிந்திருப்பேன்ல."

"அதான் குடுக்கல."

வாத்து புரியாமல் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பார்க்கவும் தெம்பில்லாமல் மூடிக்கொண்டாள். பிறகு மெல்லப் புரண்டு, தலையைத் தூக்கி அக்காவின் மடியில் போட்டாள். நல்ல கனம்.